லினக்ஸில சொப்ட்வெயார் போடுறது, அப்டேற் பண்ணுறது, கழட்டுறது: எல்லாரும் கேக்கிற கேள்விகள்

கொக்குவில்ல ஒரு ரியூசன் சென்ரரில கிடந்த 14 பழைய கொம்பியூட்டருக்கு விண்டோஸைக் கழட்டிப்போட்டு உபுண்டு எண்ட லினக்ஸ் ஏத்திக் குடுத்தன், அண்டையில இருந்து என்ர போன் ஓயிறேல்லை. படிக்கிற பிள்ளையள், அவையின்ர அண்ணாமார், ஆரோ நம்பரைக் குடுத்து சாவகச்சேரியில இருந்து ஒரு அக்கா, எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே இருபத்துச் சொச்சக் கேள்வியைத்தான் கேக்கினம். இனி ஆராவது எடுத்தால் இதை அனுப்பிவிட்டிட்டு ஆறுதலா தேத்தண்ணி குடிக்கலாம் எண்ட நினைப்பில எழுதினது.

கொமாண்டுகளை போனில வாயால சொல்லிப் பழகினபடியே தமிழ் எழுத்தில போட்டிருக்கிறன், நீங்கள் ரெர்மினல்ல (கொமாண்ட் தட்டுற விண்டோ) இங்கிலிஷ் சின்ன எழுத்தில தட்டோணும். எல்லாம் உபுண்டு, மின்ற், டெபியன் மூண்டுக்கும் பொருந்தும், மற்றதுகளுக்குக் கடைசிப் பக்கம் வாறன்.

1. அண்ணா, விண்டோஸில மாதிரி கூகிள்ல தேடி டவுன்லோட் பண்ணித்தானே போடோணும்?

இல்லை, அந்தப் பழக்கத்தை முதல்ல விடுங்கோ. லினக்ஸில சாமான் எல்லாம் ஒரு இடத்தில இருக்கும், அதுக்கு றிப்போ எண்டு பேர், எங்கட ஊர்ச் சங்கக்கடை மாதிரி எண்டு நினையுங்கோ, ஆனால் இந்தச் சங்கக்கடையில வரிசையும் இல்லை, சாமான் முடிஞ்சுது எண்ட கதையும் இல்லை. டெபியன் 12இல மட்டும் 64,000இற்கு மேல பக்கேஜ், அதாவது சொப்ட்வெயார்ப் பொதி, கிடக்கு. விஎல்சி வேணுமெண்டால் "சூடோ அப்ட் இன்ஸ்ரோல் விஎல்சி", அவ்வளவுதான். சூடோ எண்டால் நிர்வாகி அதிகாரத்தோட செய் எண்டது, அப்ட் எண்டது கடையில இருந்து சாமான் எடுத்துப் போடுற ஆள். பேர் தெரியாட்டில் "அப்ட் சேர்ச்" எண்டு அடிச்சு என்னத்துக்கு வேணுமோ அந்தச் சொல்லைக் குடுங்கோ.

கள்ளச் சாமான் வராதோ எண்டு கேப்பியள். கடையின்ர லிஸ்ற்றில அதைச் செய்யிறவை டிஜிற்றல் கையெழுத்து வைச்சிருப்பினம், அந்த லிஸ்ற்றுக்குள்ள ஒவ்வொரு பக்கேஜுக்கும் கைரேகை மாதிரி ஒரு ஹாஷ் எண் இருக்கும், இறக்கின சாமான் அந்த எண்ணோட பொருந்தாட்டில் அப்ட் போடாது. கூகிள்ல முதல்ல வாற ஏதோ ஒரு சைற்றில இறக்கிற ஃபைலுக்கு உந்தப் பாதுகாப்பு ஒண்டும் இல்லை.

2. பாஸ்வேர்ட் கேக்குது, அடிக்கிறன், ஒண்டும் விழேல்லை. கீபோர்ட் பழுதோ?

பழுதில்லை. வேணுமெண்டுதான் காட்டாமல் விட்டிருக்கினம், கனதில குத்துக்கூட விழாது. அடிச்சு என்ரர் அமத்துங்கோ. போன வருசம் இதுக்காகவே ஒரு தம்பி புதுக் கீபோர்ட் வாங்கிக்கொண்டு வந்தவன்.

3. அப்டேற், அப்கிறேட் ரெண்டும் ஒண்டுதானே, ஏன் ரெண்டு தரம்?

ஒண்டில்லை. "சூடோ அப்ட் அப்டேற்" எண்டால் சங்கக்கடையில இண்டைக்கு என்ன வந்திருக்கு எண்டு லிஸ்ற்றை மட்டும் வாங்கிக்கொண்டு வாறது, உங்கட மெசினில ஒரு சாமானும் மாறாது. "சூடோ அப்ட் அப்கிறேட்" எண்டால்தான் அந்த லிஸ்ற்றைப் பாத்து புதுசு இறக்கிப் போடுறது. லிஸ்ற் பழசாக் கிடந்தால் இன்ஸ்ரோல் குடுக்கேக்க 404 எறர் வரும், ஏனெண்டால் உங்கட லிஸ்ற்றில இருக்கிற வேர்சனைக் கடையில எப்பவோ மாத்திப்போட்டினம். அப்ப முதல்ல அப்டேற், பிறகு மற்றது.

"ஃபுல்-அப்கிறேட்" எண்டு மூண்டாவதும் ஒண்டு இருக்கு. சாதாரண அப்கிறேட் இருக்கிற பக்கேஜ் ஒண்டையும் கழட்டாது, ஃபுல்-அப்கிறேட் தேவைப்பட்டால் கழட்டும். அதைக் குடுத்தால் "றிமூவ்ட்" எண்டு வாற லிஸ்ற்றைக் கண்ணைத் துறந்து வாசிக்கோணும்.

4. ஒரு சின்னச் சாமான் போட வெளிக்கிட்டால் 40 சாமான் சேத்து இறக்குது, வைரஸோ?

ஒடியல் கூழ் காய்ச்சோணுமெண்டால் ஒடியல் மா மட்டும் காணுமோ? மீன், நண்டு, இறால், பயித்தங்காய், பலாக்கொட்டை, பழப்புளி எண்டு போகும் எல்லோ. பக்கேஜும் அப்பிடித்தான், ஒண்டு இன்னொண்டில தங்கியிருக்கும், அப்ட் அதையெல்லாம் தேடி எடுத்துப் போடும். நல்ல விசயம் என்னெண்டால் ரெண்டு கூழுக்கும் ஒரே பழப்புளிதான், அடுத்த சொப்ட்வெயாருக்கும் அதே சாமான் தேவையெண்டால் திரும்ப இறக்காது.

இதில ரெண்டு வகை. கட்டாயம் வேணும் எண்டது ஒண்டு, இருந்தால் நல்லம் எண்டது மற்றது. டேற்றா குறைவெண்டால் "--நோ-இன்ஸ்ரோல்-றெக்கமென்ட்ஸ்" எண்டு சேத்தடிச்சால் ரெண்டாவதை விட்டிடும், சில நேரம் 300 எம்பி 60 ஆகும், ஆனால் பிறகு ஏதோ ஒரு பட்டன் வேலைசெய்யேல்லை எண்டு என்னட்டை வரக்கூடாது. எப்பிடியும் வை/என் (ஓம்/இல்லை) எண்டு கேக்க முதல் எத்தினை எம்பி இறக்கும், டிஸ்க்கில எவ்வளவு பிடிக்கும் எண்டு ரெண்டு வரி காட்டும், அதைப் பாத்திட்டு வை அடியுங்கோ.

5. அப்ட், அப்ட்-கெற், டிபிகேஜி, எதைப் பாவிக்கிறது சேர்?

டிபிகேஜி எண்டது அடியில இருக்கிற வேலையாள், கையில குடுத்த டெப் ஃபைலை (பக்கேஜ் வாற ஃபைல்) பிரிச்சுப் போடும், தங்கியிருக்கிற சாமானைத் தேடிப் போகாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் டெபியன்காரர் 90களின்ர கடைசியில அப்ட்-கெற்றைக் கொண்டுவந்தவை. வெறும் "அப்ட்" எண்ட கொமாண்ட் 2014இல வந்தது, மனிசர் தட்டுறதுக்கு எண்டு கலர், பேர்சென்ற் எல்லாம் போட்டு. கையால தட்டேக்க அப்ட், கொமாண்டுகளைக் கோத்து ஸ்கிரிப்ற் எழுதினால் அப்ட்-கெற். ரெண்டுக்கும் இடையில ஒரு சின்ன வித்தியாசம் 19ஆவது கேள்வியில உங்கட டேற்றாவைக் காப்பாத்தும், அங்க சொல்லுறன்.

6. "குட் நொட் கெற் லொக்" எண்டு வருது. லொக் ஃபைலை அழிக்கச் சொல்லி ஒருத்தர் எழுதியிருக்கிறார், அழிக்கட்டோ?

வேண்டாம். உது வந்தால் வேற ஆரோ இப்ப பக்கேஜ் வேலை பாத்துக்கொண்டிருக்கினம் எண்டு அர்த்தம். உபுண்டுவில பெரும்பாலும் அது "அனற்றெண்டட் அப்கிறேட்ஸ்", செக்குரிற்றி அப்டேற்றை தன்ர பாட்டில போடுற ஆள், மெசின் ஓன் பண்ணிக் கொஞ்ச நேரத்தில தொடங்கும். எறருக்குப் பக்கத்திலயே எந்தப் புரோசஸ் பிடிச்சு வைச்சிருக்கு எண்டு நம்பரோட எழுதியிருக்கும். பத்துப் பதினைஞ்சு நிமிசம் விடுங்கோ.

இன்னொண்டு, அந்த ஃபைல் எப்பவும் அங்கதான் கிடக்கும், லொக் இல்லாத நேரமும் கிடக்கும். பூட்டு இருக்கிறது ஃபைலில இல்லை, கேர்ணல் எண்ட சிஸ்ரத்தின்ர கருவில. ஃபைலை அழிச்சால் பூட்டு துறபடாது, ரெண்டு பேர் ஒரே நேரத்தில பக்கேஜ் டேற்றாபேஸில எழுத வழி விடுறியள், அவ்வளவுதான். பிறகு 7ஆவது கேள்விக்கு நீங்களும் வருவியள்.

7. அப்டேற் நடந்துகொண்டிருக்கேக்க கரண்ட் போட்டுது. இப்ப எதைப் போட்டாலும் எறர்.

2022 பங்குனிக் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில நான் இதைக் கிட்டத்தட்ட மனப்பாடம் பண்ணிட்டன். முதல் "சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ", பிரிச்சுப்போட்டு முடிக்காமல் விட்ட பக்கேஜுகளை எடுத்து முடிக்கும். அதுக்குப் பிறகு "சூடோ அப்ட் --ஃபிக்ஸ்-புறோக்கன் இன்ஸ்ரோல்", தங்கியிருக்கிற சாமான் குறைஞ்சிருந்தால் இறக்கிப் போடும். பத்தில ஒன்பது தரம் இந்த ரெண்டும் காணும்.

ஏதோ ஒரு பக்கேஜ் மட்டும் விடாமல் முரண்டு பிடிச்சால் "சூடோ அப்ட் இன்ஸ்ரோல் --றீஇன்ஸ்ரோல்" எண்டு அதின்ர பேரைக் குடுங்கோ, பாதியில எழுதின ஃபைல் புதுசா வரும். டெஸ்க்ரொப்பில யூபிஎஸ் இல்லாமல் பெரிய அப்கிறேட் தொடங்க வேண்டாம், மழை இருட்டிக்கொண்டு வாற நேரம் சொல்லவே தேவையில்லை.

8. "ரிலீஸ் ஃபைல் இஸ் நொட் வலிட் யெற்" எண்டு வருது, நெற் வேலைசெய்யுது தானே?

மூலையில மணிக்கூட்டைப் பாருங்கோ, திகதி பிழையாத்தான் இருக்கும். பழைய மெசினில மதர்போர்ட்டில இருக்கிற சிஆர்2032 எண்ட காசு மாதிரி பற்றறி செத்தால் ஒவ்வொரு தரம் ஓஃப் பண்ணேக்கையும் திகதி பின்னுக்குப் போகும், கடையில லிஸ்ற் கையெழுத்து வைச்ச நாள் உங்கட மெசினுக்கு இன்னும் வராத நாளாத் தெரியும், அப்ட் நம்பாது. "சூடோ டைம்டேற்சிரிஎல் செற்-என்ரிபி ட்றூ" அடிச்சால் நெற்றில இருந்து நேரத்தை எடுக்கும். ஆனால் பற்றறியை மாத்துங்கோ, கஸ்தூரியார் வீதியில எந்தக் கடையிலயும் வாங்கலாம், மணிக்கூடு திருத்திறவரிட்டையும் இருக்கும். 14 மெசினில 5இல நான் இதை மாத்தினனான்.

9. றிமூவ் பண்ணிப்போட்டு திரும்பப் போட்டன், பழைய செற்றிங் அப்பிடியே வருது. கழட்டுப்படேல்லையோ?

கழட்டுப்பட்டது. "றிமூவ்" புரோகிராமை மட்டும் கழட்டும், செற்றிங் ஃபைலை விட்டிடும், திரும்ப வந்தால் உதவும் எண்டு. "பேர்ஜ்" எண்டு குடுத்தால் சிஸ்ரம் பக்கத்தில இருக்கிற செற்றிங்கும் சேந்து போகும். "டிபிகேஜி -எல்" அடிக்கேக்க முன்னுக்கு ஆர்சி எண்டு நிக்கிறதெல்லாம் ஆள் போய்ச் செற்றிங் மட்டும் மிஞ்சின கேஸ்.

ஆனால் பேர்ஜும் உங்கட சொந்த ஃபைல்கள் இருக்கிற ஹோம் ஃபோல்டரைத் தொடாது. ஃபயர்ஃபொக்ஸ் புக்மார்க், விஎல்சி விருப்பங்கள் எல்லாம் அங்க ஒளிச்ச ஃபோல்டரில இருக்கு, கொன்ட்றோலும் எச்சும் அமத்தினால் தெரியும். அதை நீங்கள்தான் கையால அழிக்கோணும், அழிக்க முதல் ரெண்டு தரம் யோசிக்கோணும்.

10. ஓட்டோறிமூவ் குடு எண்டு ஒவ்வொரு தரமும் சொல்லுது. குடுத்தால் ஏதும் துலையுமோ?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் கேட்டுப் போட்டது, துணைக்கு வந்தது எண்டு அப்ட் ரெண்டாப் பிரிச்சுக் கணக்கு வைச்சிருக்கும். கூழ் முடிஞ்ச பிறகு ஒருத்தருக்கும் தேவையில்லாமல் கிடக்கிற துணைச் சாமானைத்தான் ஓட்டோறிமூவ் எடுக்கும். பழைய கேர்ணல்களும் அதில போகும், மெசின் தொடங்கத் தேவையான ஃபைல் இருக்கிற பூட் பார்ட்டிஷன் நிறைஞ்சு அப்டேற் நிக்கிற ஆக்களுக்கு இதுதான் மருந்து.

ஒரு பொறி இருக்கு. டெஸ்க்ரொப் மாதிரிப் பெரிய தொகுதிக்கு ஒரு தலைப் பக்கேஜ் இருக்கும், அதை நீங்கள் தெரியாமல் கழட்டினால் அதுக்குத் துணையா வந்த நூறும் அநாதையாகி லிஸ்ற்றில வந்து நிக்கும். அதால லிஸ்ற் வழமைக்கு மாறா நீட்டா வந்தால் என் அடியுங்கோ. வைச்சிருக்க வேண்டியதை "சூடோ அப்ட்-மார்க் மனுவல்" எண்டு பேரோட குடுத்தால் பிறகு தொடாது. இடம் மட்டும்தான் பிரச்சினை எண்டால் "சூடோ அப்ட் கிளீன்" போதும், இறக்கி வைச்ச டெப் ஃபைல்கள் மட்டும் போகும்.

11. பழைய பைதன் தேவையில்லை எண்டு அழிச்சன் அண்ணா, இப்ப கறுப்புத் திரைதான் வருது.

உங்களுக்குத்தான் அது தேவையில்லை, உபுண்டுவுக்கு அது முதுகெலும்பு. சிஸ்ரத்தோட வந்த பைதன்3 எண்ட புரோகிராம் மொழியில டெஸ்க்ரொப்பில பாதி தங்கியிருக்கு, அதைக் கழட்டச் சொன்னால் தங்கியிருக்கிறதெல்லாம் சேந்து கழரும். அப்ட் அந்த லிஸ்ற்றைக் காட்டித்தான் கேட்டிருக்கும், நீங்கள் வை அடிச்சிருப்பியள். வெக்கப்பட ஒண்டுமில்லை, 2021இல கனடாவில பெரிய யூடியூப் சனல் வைச்சிருக்கிற ஒருத்தர் பொப் ஓஎஸ் எண்ட லினக்ஸில ஸ்ரீம் எண்ட கேம் சொப்ட்வெயாரைப் போட வெளிக்கிட்டு, "யெஸ், டூ அஸ் ஐ சே" எண்டு முழு வசனமும் தட்டச் சொல்லி அது கேக்க, தட்டி, டெஸ்க்ரொப்பையே கழட்டினவர், கமரா ஓடிக்கொண்டிருக்கேக்க.

திருத்திறதுக்கு கொன்ட்றோல், ஓல்ற், எஃப்3 சேத்து அமத்துங்கோ, எழுத்துத் திரை வரும், லொகின் பண்ணி "சூடோ அப்ட் இன்ஸ்ரோல் உபுண்டு-டெஸ்க்ரொப்". வார், லொக், அப்ட் எண்டு உள்ளுக்குள்ள போனால் ஹிஸ்ரறி எண்டு ஒரு ஃபைல் இருக்கு, எண்டைக்கு என்னென்ன கழண்டது எண்டு வரி வரியா இருக்கும், அதைப் பாத்து மிச்சத்தைப் போடலாம். நெற்வேர்க் மனேஜரும் போயிருந்தால் வைஃபை இல்லை, அப்ப பென்ட்றைவோட மெசினைக் கொண்டு வாங்கோ.

12. பிப் இன்ஸ்ரோல் குடுத்தால் "எக்ஸ்ரேணலி மனேஜ்ட்" எண்டு ஏசுது. ஏஎல் புரொஜெக்ற் நாளைக்குக் குடுக்கோணும்!

11இல பாத்த அதே பைதன்தான், பிப் எண்டது பைதனுக்குத் துணைச் சாமான் இறக்கிற ஆள். அப்ட் ஒரு பக்கத்தால, பிப் மற்றப் பக்கத்தால ஒரே ஃபோல்டருக்குள்ள சாமான் போட்டு சிஸ்ரம் குழம்பினது காணும் எண்டுதான் டெபியன் 12இல இருந்தும் உபுண்டு 23.04இல இருந்தும் கதவைச் சாத்தினவை. "--பிறேக்-சிஸ்ரம்-பக்கேஜஸ்" எண்டு அடிச்சால் விடும், ஆனால் பேரைப் பாருங்கோ, என்ன நடக்கும் எண்டு அதிலயே எழுதிக்கிடக்கு.

"சூடோ அப்ட் இன்ஸ்ரோல் பைதன்3-வென்வ்" போட்டு, புரொஜெக்ற் ஃபோல்டருக்குள்ள போய் "பைதன்3 -எம் வென்வ் சூழல்" மாதிரி ஒரு பேரைக் குடுத்து உருவாக்குங்கோ, பேரை இங்கிலிஷில வையுங்கோ. பிறகு "சோர்ஸ்" எண்டு தட்டி அதுக்குள்ள இருக்கிற பின் ஃபோல்டரில உள்ள அக்ரிவேற்றைக் குடுத்திட்டு பிப் பாவியுங்கோ. அதுக்குள்ள என்ன கூத்தடிச்சாலும் சிஸ்ரத்துக்குச் சோலி இல்லை, வேண்டாமெண்டால் ஃபோல்டரை அழிச்சால் சரி.

13. குரோம் றிப்போவில இல்லையாம், டெப் ஃபைல்தான் தந்தது. ரெண்டு தரம் கிளிக் பண்ண ஒண்டும் நடக்கேல்லை.

ஃபைல் இருக்கிற ஃபோல்டரில ரெர்மினல் துறந்து "சூடோ அப்ட் இன்ஸ்ரோல்", ஒரு இடைவெளி, பிறகு குத்து, சாய்கோடு, ஃபைல் பேர். அந்தக் குத்தும் சாய்கோடும் இல்லாட்டில் அப்ட் கடையில தேடும், இல்லை எண்டு சொல்லும். "டிபிகேஜி -ஐ" எண்டும் போடலாம், ஆனால் 5இல சொன்னமாதிரி அது துணைச் சாமானைத் தேடாது. குரோம் போடேக்க தன்ர றிப்போவையும் சேத்துப் பதியும், அதால பிறகு வழமையான அப்கிறேட்டிலயே புதுசு வரும். எல்லா டெப் ஃபைலும் அப்பிடிச் செய்யாது, செய்யாததை நீங்கள்தான் ஞாபகம் வைச்சு மாத்தோணும்.

14. மைக்ரோசொஃப்ட் ஃபொன்ற் போடேக்க ஒரு ஊதாத் திரை, கீழ ஓகே, மவுசால அமத்த ஏலாமக் கிடக்கு. பாமினியும் வேணும்.

ராப் கீயை அமத்துங்கோ, ஓகே சிவப்பாகும், என்ரர். அடுத்த திரையில யெஸ். மூடிப்போட்டு வந்திருந்தால் 9இல சொன்ன பேர்ஜைக் குடுத்திட்டு முதல்ல இருந்து போடுங்கோ.

பாமினி பக்கேஜா வராது. ஃபைலை ஹோமுக்குள்ள குத்து-லோக்கல், ஷெயார், ஃபொன்ற்ஸ் எண்ட ஃபோல்டரில போட்டு "எஃப்சி-காஷ் -எஃப்" அடிச்சால் லிபரொஃபிஸில வந்திடும், அப்ட்டுக்கு உது தெரியாது, கழட்டிறதெண்டால் ஃபைலை அழிச்சால் சரி. ஆனால் பாமினியில அடிக்கிறது உண்மையில இங்கிலிஷ் எழுத்து, ஃபொன்ற் இல்லாத மெசினில குப்பையாத் தெரியும். பழைய டொக்குமென்ற் வாசிக்க வைச்சிருங்கோ, புதுசா எழுதிறதெண்டால் "ஐபஸ்-எம்17என்" போட்டு யூனிக்கோட்டில எழுதுங்கோ, தமிழ்99உம் இருக்கு, உச்சரிப்பு முறையும் இருக்கு.

15. அப்கிறேட் குடுத்தால் சிலதை மட்டும் "கெப்ற் பக்" எண்டு விட்டிடுது. என்ர மெசினில மட்டும் ஏன்?

உபுண்டுவில இதுக்குப் பெரும்பாலும் காரணம் படிப்படியா விடுறது. புது அப்டேற்றை எல்லாருக்கும் ஒரே நாளில குடுக்காமல் முதல்ல கொஞ்சப் பேருக்கு, பிழை ஒண்டும் வராட்டில் மிச்சப் பேருக்கு எண்டு குடுப்பினம், உங்கட முறை வரேல்லை. பக்கத்து மெசினுக்கு வந்து உங்களுக்கு வராமல் இருக்கிறதும் அதாலதான். சில நாளில தானா வரும், பலவந்தமா இழுக்க வேண்டாம். செக்குரிற்றி அப்டேற்றுக்கு உந்தக் காத்திருப்பு இல்லை.

ரெண்டாவது காரணம் 3இல சொன்னது, அதைப் போட வேற ஒண்டைக் கழட்டோணும், சாதாரண அப்கிறேட் அதுக்குச் சம்மதிக்காது.

16. எங்கட வேர்சன் ஏன் இவ்வளவு பழசு? புதுசு வந்து வருசமாச்சு.

டெபியன் ஸ்ரேபிள், உபுண்டு எல்ரிஎஸ் எண்ட நீண்டகாலப் பதிப்புகள் ரெண்டும் வெளிவாற நாளில பெரும்பாலான பக்கேஜின்ர வேர்சனைக் கட்டிப்போடும். பிறகு வாறது பாதுகாப்பு ஓட்டை அடைப்புத்தான், அதைப் பழைய வேர்சனுக்கே தைச்சுக் குடுப்பினம், அதால நம்பர் பழசாத் தெரிஞ்சாலும் ஓட்டை அடைபட்டிருக்கும்.

பழசா இருக்கிறது எப்பவும் பிழையில்லை. 2024 பங்குனியில எக்ஸ்இஸட் எண்ட சுருக்கிற லைப்ரரியின்ர 5.6.0, 5.6.1 ரெண்டு வேர்சனிலயும் ஆரோ கள்ளக் கதவு வைச்சிருந்தது பிடிபட்டுது. அந்திரேஸ் ஃபுறொயின்ட் எண்ட எஞ்சினியர் எஸ்எஸ்எச் (தூர இருக்கிற மெசினுக்குள்ள நுழையிற வழி) லொகின் அரைச் செக்கனளவு பிந்துது எண்டு தோண்டிப் பாத்துத்தான் கண்டுபிடிச்சவர். புதுசு புதுசு எண்டு ஓடின டெபியன் ரெஸ்ரிங், ஃபெடோறாவின்ர சோதனைப் பதிப்பு வரைக்கும் அது வந்திட்டுது, ஸ்ரேபிளுக்கு வரேல்லை.

17. ஸ்னப், ஃபிளற்பக் எண்டெல்லாம் கிடக்கு, அது வேற என்ன?

16இல சொன்ன பழசுப் பிரச்சினைக்கு இன்னொரு வழி. கூழுக்குத் தேவையான எல்லாத்தையும் ஒரே பொதியில கட்டித் தாறது, சிஸ்ரத்தில இருக்கிற சாமானோட பெரிசா சோலி வைக்காது, அதால புது வேர்சன் கெதியா வரும், ஆனால் பொதி பெரிசு. உபுண்டு 22.04இல இருந்து ஃபயர்ஃபொக்ஸே ஸ்னப்தான், அப்ட்டில போட்டாலும் பின்னால ஸ்னப்பைத்தான் இழுக்கும். மின்ற்காரர் அது பிடிக்காமல் 2020இல மின்ற் 20ஓட ஸ்னப்பைத் தடுத்து, ஃபிளற்பக்கோட நிக்கினம்.

ஸ்னப் நாளுக்கு நாலு தரம் தன்ர பாட்டில புதுசு பாக்கும், டேற்றா சிம்மில இருக்கிற ஆக்களுக்கு இது கரைச்சல், "சூடோ ஸ்னப் றிஃப்றெஷ் --ஹோல்ட்" அடிச்சு நிப்பாட்டலாம், பிறகு ஞாபகமாக் கையால குடுக்கோணும். என்ர வழக்கம், முதல்ல அப்ட், அங்க இல்லாட்டில் அல்லது நல்லாப் பழசெண்டால் ஃபிளற்பக். ஒரே சொப்ட்வெயாரை மூண்டு வழியாலயும் போட்டு மெனுவில மூண்டு ஐகன் வைச்சிருக்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன்.

18. பிபிஏ ஒண்டு சேத்தன், இப்ப "நோ பப்கீ" எண்டும் "ரிலீஸ் ஃபைல் இல்லை" எண்டும் வருது.

பிபிஏ எண்டால் தனியாள் நடத்திற பெட்டிக்கடை. முதலாவது எறர், அந்தக் கடைக்காரரின்ர கையெழுத்தைச் சரிபாக்கிற சாவி உங்களிட்டை இல்லை. பழைய வழிகாட்டியளில "அப்ட்-கீ" எண்டு இருக்கும், அதைக் கைவிட்டிட்டினம், ஏனெண்டால் அதில போட்ட சாவி எல்லாக் கடைக்கும் செல்லும். இப்ப சாவியை ஈரிசி, அப்ட், கீறிங்ஸ் எண்ட ஃபோல்டரில போட்டு, அந்தக் கடையின்ர வரியில மட்டும் "சைன்ட்-பை" எண்டு குறிக்கிறது. ரெண்டாவது எறர், உங்கட உபுண்டு வேர்சனுக்கு அந்தக் கடைக்காரர் சாமானே செய்யேல்லை. அதுக்கு மருந்து கடையைக் கழட்டிறதுதான், "பிபிஏ-பேர்ஜ்" எண்டு ஒரு பக்கேஜ் இருக்கு, அதால குடுத்தால் கடையும் போகும், அங்க வாங்கின சாமானும் உபுண்டுவின்ர சொந்த வேர்சனுக்குத் திரும்பும்.

19. 14 மெசினுக்கும் ஒவ்வொண்டா இறக்கோணுமோ? டேற்றா முடியுது.

தேவையில்லை. ஒரு அப்கிறேட் 300 எம்பி எண்டால் 14 மெசினுக்கு 4.2 ஜிபி. நான் ஒரு மெசினில "அப்ட்-காஷர்-என்ஜி" போட்டன், மற்ற 13உம் அதின்ர 3142ஆம் போர்ட் வழியாத்தான் கேக்கும், முதல் மெசின் கேக்கேக்க நெற்றில இருந்து வரும், மிச்சத்துக்கு எங்கட வயரிலயே. ஈரிசி, அப்ட், அப்ட்.கொன்ஃப்.டி ஃபோல்டரில புரொக்சி எண்டு ஒரு வரி எழுதினால் காணும்.

வீட்டில நெற் இல்லை, பென்ட்றைவில கொண்டு போகோணும் எண்டால் இஞ்சதான் 5இல சொன்ன வித்தியாசம். "அப்ட்" போட்டு முடிச்சவுடன டெப் ஃபைலை அழிச்சுப்போடும், "அப்ட்-கெற்" வார், காஷ், அப்ட், ஆர்கைவ்ஸ் ஃபோல்டரில வைச்சிருக்கும். அப்ட்-கெற்றோட "--டவுன்லோட்-ஒன்லி" சேத்துக் குடுத்து, அங்க இருக்கிறதைக் கொப்பி பண்ணி, வீட்டில 13இன்ர முறையில போடுங்கோ. ரெண்டும் ஒரே உபுண்டு வேர்சனா இருக்கோணும். இறக்கிற மெசினில ஏற்கனவே இருக்கிற துணைச் சாமானை அது இறக்காது, அதால ஒண்டும் போடாத புது மெசினில இறக்கினால்தான் முழுசா வரும். ரெண்டு தரம் வீட்டை போய்த் திரும்பி வந்த பிறகுதான் எனக்கும் இது விளங்கினது.

20. அப்டேற் பண்ணின பிறகு ஒண்டு பிழைச்சுப்போச்சு, பழைய வேர்சனுக்குப் போக ஏலுமோ?

சில நேரம். "அப்ட் பொலிசி" எண்டு பேரோட குடுத்தால் கடையில என்ன வேர்சன் இருக்கெண்டு காட்டும். உபுண்டுவில வழமையா முதல் நாள் வேர்சனும் கடைசி வேர்சனும் மட்டும்தான் இருக்கும், நடுவில வந்ததுகள் போயிடும். இருக்கிறதில ஒண்டு வேணுமெண்டால் "சூடோ அப்ட் இன்ஸ்ரோல்", பேர், சமன் குறி, வேர்சன், இடைவெளி விடாமல். பிறகு "சூடோ அப்ட்-மார்க் ஹோல்ட்" குடுத்தால் அங்கயே நிக்கும், பிரச்சினை தீர்ந்தால் "அன்ஹோல்ட்". பிறவுசரை மட்டும் மாசக்கணக்கா ஹோல்ட்டில வைக்க வேண்டாம், பாதுகாப்பு அடைப்பும் சேந்து நிண்டிடும்.

21. என்ர 20.04 வடிவா ஓடுது, மாத்தத்தான் வேணுமோ?

ஓடும், ஆனால் 2025 வைகாசியோட அதுக்கு வழமையான பாதுகாப்பு அப்டேற் முடிஞ்சுது. எல்ரிஎஸ்ஸுக்கு 5 வருசம்தான். உபுண்டு புறோவில பதிஞ்சால் 10 வருசம் வரைக்கும் இழுக்கலாம், சொந்தப் பாவனைக்கு 5 மெசின் வரைக்கும் இலவசம். மாத்திறதெண்டால் ஹோமைக் கொப்பி எடுத்து வைச்சிட்டு, இருக்கிறதை முழுக்க அப்கிறேட் பண்ணிட்டு "சூடோ டூ-ரிலீஸ்-அப்கிறேட்". 20.04இல இருந்து நேர 24.04இற்குப் பாய ஏலாது, 22.04இல இறங்கித்தான் போகோணும். பழைய 32 பிற் மெசினெண்டால் உபுண்டு இல்லை, டெபியன் 12ஓட அங்கயும் இன்ஸ்ரோலர் முடிஞ்சுது.

22. என்ர ஃபிரண்ட் ஃபெடோறா, மச்சான் மக். அவைக்கும் அப்ட்தானோ?

இல்லை, கடை வேற. ஃபெடோறாவில "டிஎன்எஃப்", லிஸ்ற்றைத் தானே எடுத்துக்கொள்ளும், 3இல சொன்ன ரெண்டு தரம் இல்லை, "டிஎன்எஃப் ஹிஸ்ரறி அன்டூ" எண்டு செய்ததைத் திருப்பவும் ஏலும், அதில எனக்குக் கொஞ்சம் பொறாமை. மற்ற லினக்ஸ்களில, ஓப்பன்சூசேயில "சிப்பர்", அல்பைனில "ஏபிகே". ஆர்ச்சில "பக்மன் -எஸ்வையூ" (எஸ் மட்டும் பெரிய எழுத்து), அதில யூவை விட்டிட்டு வெறும் எஸ்வையோட ஒரு பக்கேஜைப் போடக்கூடாது, பாதி புதுசு பாதி பழசாகிக் குழம்பும், ஆர்ச்காரர் அதுக்குப் பொறுப்பில்லை எண்டு எழுதியே வைச்சிருக்கினம்.

மக்கில ஹோம்புறூ, 2009இல வந்தது, "புறூ இன்ஸ்ரோல்" எண்டு தட்டிறது, முன்னுக்கு சூடோ போடக்கூடாது. ஃப்றீபிஎஸ்டி எண்ட இன்னொரு ஓஎஸ்ஸில சிஸ்ரம் வேற, மேல போடுற சாமான் வேற, மேல போடுறதுக்கு "பிகேஜி", அது எல்லாத்தையும் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள்ளதான் வைக்கும், அந்த ஒழுங்கு எனக்கு நல்லாப் பிடிக்கும்.

23. லப்டொப் இல்லை, போன்தான். பழக ஏலுமோ?

அன்ட்றொயிட் போன் எண்டால் ஏலும். எஃப்-ட்றொயிட் எண்ட அப் கடையில இருந்து ரெர்மக்ஸ் எண்ட அப்பைப் போடுங்கோ. அங்க "பிகேஜி அப்கிறேட்", "பிகேஜி இன்ஸ்ரோல் பைதன்", பின்னால ஓடுறது அப்ட்தான். சூடோ தேவையில்லை, கிழிச்சாலும் போனுக்கு ஒண்டும் ஆகாது.

24. எல்லாம் செய்து பாத்தன், ஒண்டும் சரிவரேல்லை. ஃபோர்மற் பண்ணட்டோ?

பண்ணுங்கோ, ஆனால் மூண்டு வேலை முடிச்சுப்போட்டு. "அப்ட்-மார்க் ஷோமனுவல்" குடுத்து அதில வாறதை ஒரு ஃபைலில எழுதி வையுங்கோ, நீங்கள் கேட்டுப் போட்ட எல்லாத்தின்ர பேரும் அதில இருக்கும், புது மெசினில அதைப் பாத்து ஒரே கொமாண்டில போடலாம். ஹோம் ஃபோல்டரை ஒளிச்ச ஃபைல்களோட சேத்துக் கொப்பி எடுங்கோ. மூண்டாவது, ஐசிரி படிக்கிற பிள்ளையள் மறக்கிறது: மைஎஸ்கியூஎல் டேற்றாபேஸ் ஹோமில இல்லை, வார், லிப் எண்டு அங்கால கிடக்கு. "மைஎஸ்கியூஎல்டம்ப்" குடுத்து அதையும் வெளியில எடுத்து பென்ட்றைவில போட்டு, அந்தப் பென்ட்றைவை மெசினில இருந்து கழட்டின பிறகு ஃபோர்மற்றைத் தொடங்குங்கோ.